என் மனைவியோடு சீனம் பேசியவர்

என் மனைவியின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, வேறோர் ஆண் அவளுக்கு அனுப்பிய குரல் பதிவுகளை நான் கேட்டிருக்கிறேன். ஒருமுறை என்றால் சபலம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பதினேழு முறை கேட்டேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டில் ஓர் அலமாரி நிறையக் கனமான புத்தகங்கள் வைத்திருக்கிறேன். இவற்றில் எதுவும் என்னைத் தடுக்கவில்லை. பதினேழு பதிவுகளிலும் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை என்பதுதான் இதில் பெரிய கேவலம். எல்லாம் சீன மொழியில் இருந்தன.

என் தொழிலையும் சொல்லிவிட்டால் அவமானத்தின் அளவு சரியாகத் தெரியும். நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் இருபத்தேழு ஆண்டுகளாகப் பிழைப்பு நடத்துகிறேன். குற்றம் சாட்டப்பட்டவர் தமிழில் முனகுவதை மலாயில் தெளிவாகச் சொல்வதும், நீதிபதி மலாயில் தெளிவாகச் சொல்வதைத் தமிழில் அவருக்கு உறைக்கும்படி சொல்வதும் என் வேலை. யார் என்ன பேசினாலும் எனக்குப் புரியும் என்ற திமிரில் வாழ்ந்தவன். என் வீட்டுச் சமையலறையிலேயே எனக்குப் புரியாத ஒரு மொழி புழங்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அது புழங்க ஆரம்பித்த காரணம் நியாயமானது. என் மனைவி எங்கள் ஊரான கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் தாதி. அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் வயதான சீனர்கள். நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு படுத்திருப்பார்கள். ஒருநாள் ஒரு மூதாட்டி இவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இவள் சிரித்துச் சிரித்துத் தலையாட்டியிருக்கிறாள். பக்கத்துப் படுக்கைக்காரர் விழித்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அந்த அம்மா ஒரு மணி நேரமாகக் குளிருகிறது, போர்வை கொடு என்று கேட்டிருக்கிறார். அடுத்த வாரமே என் மனைவி தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழர்களுக்கென்று நடக்கும் சீன மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமைதோறும் காலையில் கொமுட்டர் ரயிலில் போய் மதியம் திரும்புவாள்.

வகுப்பில் ஒரு வழக்கம். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுவார்கள். ஜோடிகள் தினமும் ஒருவருக்கொருவர் சீனத்தில் ஒரு குரல் பதிவு அனுப்ப வேண்டும். வீட்டுப்பாடம். இதை அவள் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தாள். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய்தான் தன் ஜோடி என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். ஒளித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

பிரச்சினை அவள் சிரித்ததில் வந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே கைப்பேசியை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்து அவர் பேசுவதைக் கேட்பாள். கேட்டுவிட்டு, சோப்பு நுரை கையோடு அப்படியே குனிந்து சிரிப்பாள். எங்கள் பிள்ளைகள் இருவரும் படித்து வெளியூர் போகும்வரை அதே சமையலறை மேசையில்தான் வீட்டுப்பாடம் செய்தார்கள். வீட்டுப்பாடத்தில் கண்ணீர் வந்து பார்த்திருக்கிறேன். இப்படிச் சிரிப்பு வந்து பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது, எங்கள் கல்யாணத்தில் மாலை மாற்றும்போது என் மாலை அறுந்து புரோகிதர் தலையில் விழுந்தபோது. இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகு நான் சொன்ன நகைச்சுவைகளுக்கெல்லாம் அவள் புன்னகைத்திருக்கிறாள். தரமான புன்னகை. குறை சொல்ல முடியாது.

என்ன சொன்னார், ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டிருக்கலாம். நாலு சொல். அந்த நாலு சொல்லை நான் மூன்று மொழியிலும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். மூன்றிலும் கேட்கிறவன் தோற்றுப்போனவனாகவே தெரிந்தான். நம் பழைய இலக்கியத்தில் ஊடல் என்பது பெண்களுக்கு ஒதுக்கிவைத்த துறை. ஆணுக்கு மனம் கொதித்தால் வேல் ஏந்திக்கொண்டு மாடு பிடிக்கப் போய்விடுவான். கிள்ளானில் அதற்குத் தோதான மாடுகள் இல்லை. ஆகவே குளியலறைக்குப் போனேன்.

இதில் இன்னொரு கொடுமையும் இருந்தது. பொறாமை என்ற சொல் என் வாயில் பழகிய சொல். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: சாட்சி சொல்வதை அப்படியே 'நான்' என்று சொல்ல வேண்டும். 'அவர் அடித்ததாகச் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. 'நான் அடித்தேன்' என்று சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் நான் இருபத்தேழு ஆண்டுகளில் எண்ணற்ற மோட்டார் சைக்கிள்களைத் திருடியிருக்கிறேன். மைத்துனனை நாற்காலியால் அடித்திருக்கிறேன். இரண்டாம் மனைவி இருப்பதை முதல் மனைவியிடம் மறைத்திருக்கிறேன். சந்தேகப்பட்டேன், பொறாமைப்பட்டேன், புத்தி கெட்டுவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே குரலில். சாட்சி தேம்பினாலும் நாம் தேம்பக் கூடாது. அவர் கத்தினாலும் நாம் கத்தக் கூடாது. அந்தத் தட்டையான குரலுக்காக மேலதிகாரிகள் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அடுத்தவன் பொறாமையை அவ்வளவு சரளமாகச் சொன்ன வாய்க்கு, சொந்தப் பொறாமை வந்தபோது நாக்கு எழும்பவில்லை.

அடுத்த பருவம் தொடங்கியபோது நானும் அந்த வகுப்பில் சேர்ந்தேன். வேலைக்கு உதவும் என்று மனைவியிடம் சொன்னேன். எங்கள் நீதிமன்றத்தில் சீன மொழிக்குத் தனியாக ஆள் இருக்கிறார் என்பது அவளுக்கும் தெரியும்.

“அப்ப சனிக்கிழம துணி தொவைக்கிறது யாரு?” என்றாள். அவ்வளவுதான்.

வகுப்பு ஒரு கடையின் மாடியில். ஆசிரியை சீனப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பிறந்து, பக்கத்தில் வேறு பள்ளி இல்லாததால் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். அவர் தமிழ் பேசினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். திட்டினால் காதையும் மூடிக்கொள்ள வேண்டியிருக்கும். எல்லோரும் அவரை லாவ்ஷி என்று அழைத்தார்கள். சீனத்தில் ஆசிரியர் என்று பொருள். நான் மனைவியின் பக்கத்தில் உட்காரப் போனேன். லாவ்ஷி கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

“புருஷன் பொண்டாட்டி ஒரே பெஞ்சு கிடையாதுண்ணே. ஒருத்தர் பேசுவாங்க, இன்னொருத்தர் திருத்துவாரு. நான் நெறையப் பாத்துட்டேன்.”

எனக்கு ஜோடியாகச் செராஸிலிருந்து வரும் ஒரு பொறியாளரைக் கொடுத்தார்கள். நல்ல மனிதர். முதல் மூன்று வாரம் அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பத்து நிமிடப் பேச்சுப் பயிற்சி என்றால், ஒன்பது நிமிடம் நாங்கள் இருவரும் வாக்கியத்தைத் தாளில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, பத்தாவது நிமிடத்தில் ஒருவரை ஒருவர் மரியாதையோடு பார்த்துக்கொள்வோம். சந்தேகம் கேட்பதில் மட்டும் ஆண்கள் தாராளமாக இருந்தோம். இந்த எழுத்தில் எத்தனை கோடு, இந்த விதிக்கு விலக்கு உண்டா, ஏன் உண்டு. கேள்வி கேட்கிறவன் முட்டாளாகத் தெரிய மாட்டான், பேசுகிறவன்தான் தெரிவான். அந்தப் பக்கம் பெண்கள் தப்பும் தவறுமாக விலை பேசிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகளைக் குறை சொன்னார்கள், அடுத்தவர் சேலை எங்கே வாங்கியது என்று சீனத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

“பொம்பளைங்க பாசாருக்கு வந்த மாதிரி வர்றாங்க. நீங்கல்லாம் எஸ்பிஎம் பரீட்சைக்கு வந்த மாதிரி வர்றீங்க,” என்றார் லாவ்ஷி. யாரையும் ஃபெயில் பண்ண மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார். அது எங்களுக்கு ஆறுதலாக இல்லை.

சீனத்தில் குரலை ஏற்றி இறக்கிப் பேச வேண்டும். சில சொற்களுக்குக் குரல் சின்னப் பிள்ளை கேள்வி கேட்பதுபோல் மேலே போக வேண்டும். சிலவற்றுக்குப் பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்க வேண்டும். எனக்கு அந்த ஏற்றம் வரவே இல்லை. தொண்டை ஒத்துழைத்தாலும் மீசை ஒத்துழைக்கவில்லை. பதினைந்து வயதில் குரல் உடைந்தபோது ஒரு சுருதியில் நின்றது. அதிலிருந்து அசையாமல் இருப்பதுதான் ஆம்பிளைத்தனம் என்று நானும் என் தலைமுறையும் எப்படியோ முடிவு செய்திருந்தோம். கோபத்தில் மட்டும் உயர்த்தலாம். ஐம்பத்து மூன்று வயதில், மூன்று பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, “இது பூனையா?” என்று குரலைத் தூக்கிக் கேட்பது எனக்கு வேட்டி அவிழ்ந்ததுபோல் இருந்தது.

பாய்க்கு அந்தக் கூச்சம் எதுவும் இல்லை. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாளே நான் அவரை ஒரு சொத்து மதிப்பீட்டாளரின் கவனத்தோடு பார்வையிட்டேன். என்னைவிட நாலைந்து வயது கூடுதல். என்னைவிடக் குட்டை. தொப்பையில் எனக்குச் சமம். முடியில் நான் தெளிவாக முன்னிலை. சட்டைப் பையில் டேப்பும் பேனாவும் துருத்திக்கொண்டிருந்தன. நான் இதைவிட நல்லதாக எதிர்பார்த்திருந்தேன். அழகானவனிடம் தோற்றால் இயற்கையைக் குறை சொல்லலாம். இவரிடம் தோற்றால் யாரைச் சொல்வது?

அவருடைய சீனம் பயங்கரமாக இருந்தது. சொல் கிடைக்காவிட்டால் மலாயைப் போடுவார், அதுவும் கிடைக்காவிட்டால் கையால் மீன் மாதிரி நீந்திக் காட்டுவார். தப்பு செய்தால் அவரே முதலில் சிரிப்பார். வகுப்பே அவரோடு சிரிக்கும். என் மனைவி எல்லோரையும்விட ஒரு நொடி முன்னதாகச் சிரிப்பாள். மற்றவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். அதற்காகத்தானே கட்டணம் கட்டியிருந்தேன்.

ஏன் படிக்க வந்தீர்கள் என்று லாவ்ஷி புதியவர்களுக்காக எல்லோரையும் சொல்லச் சொன்னார். நான் தொழில் மேம்பாடு என்றேன். பாய் சொன்னது வேறு. அவருடைய மனைவி இறந்தபோது, பக்கத்துக் கடைச் சீனக் கிழவர் தன் இரும்புக் கடையைச் சாத்திவிட்டு வந்து, மூன்று நாள் இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இருபது வருடமாகப் பக்கத்துப் பக்கத்துக் கடை. இருவருக்கும் பொதுவாக விலை சொல்லும் அளவுக்கு மலாய் உண்டு. அந்த மூன்று நாளுக்கு அது பயன்படவில்லை. “அவர் ஒண்ணும் பேசல, நானும் பேசல. அவருக்கு வயசாயிடுச்சு லா. அதுக்குள்ள ஒருவாட்டி பேசிடணும்,” என்றார். நான் முகத்தைப் பொருத்தமாக வைத்துக்கொண்டேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: எனக்கு அந்தத் துக்கத்தின் மேலேயே பொறாமை வந்தது. அவரிடம் இப்படியொரு காரணம் இருந்தது. என்னிடம் இருந்தது உளவு.

எனக்கு வகுப்பில் பேச ஒரு வழி கிடைத்தது நாலாவது வாரம். 'இந்த வாரம் என்ன செய்தீர்கள்' என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சொந்தமாகச் சொல்ல எனக்குக் கூச்சம். நீதிமன்றத்திலிருந்து ஓர் ஆளை எடுத்துக்கொண்டேன். ஊர், பேர், அடையாளம் எல்லாவற்றையும் மாற்றி, தொழில் வழக்கப்படி 'நான்' என்று தொடங்கினேன். “நான் மோட்டார் சைக்கிள் திருடினேன். அது என் மாமாவின் மோட்டார் சைக்கிள். மாமா பெரிய ஆள்.” வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் என் முறை வந்தால், இந்த வாரம் என்ன கேஸ் என்று கேட்பார்கள். நான் கோழி திருடினேன், வேலி தாண்டினேன், தம்பியின் கல்யாணத்தில் மேசையைக் கவிழ்த்தேன். சரளமாகப் பேசுகிற ஒரே ஆண் என்று லாவ்ஷி பாராட்டினார். என் மனைவி சிரிக்கவில்லை. புன்னகைத்தாள். தரமான புன்னகை.

மூன்று மாதம் கழித்து, கொஞ்சம் சொல் சேர்ந்ததும், மறுபடி குளியலறைக்குப் போனேன். இந்த முறை கையில் ஒரு குறிப்பேட்டோடு. பழைய பதிவுகளை முதலிலிருந்து போட்டேன். ஒவ்வொன்றையும் பத்துத் தடவை கேட்டு எழுதினேன்.

இன்று நான் மீன் வாங்கினேன். மீன் பெரியது. மீனின் கண் என்னைப் பார்த்தது. நான் மீனைப் பார்த்தேன். மீன் சமைத்தேன். ருசி இல்லை. பூனையும் சாப்பிடவில்லை.

பதினேழு பதிவில் பதினொன்று இந்த மீன் விவகாரம். துரோகத்தைத் தேடிப் போனவனுக்குச் சந்தைச் சரக்கு கிடைத்தது. அன்றோடு என் வியாதி தீர்ந்திருக்க வேண்டும். நான் அதோடு நிறுத்தியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அவர் அனுப்பியதை மட்டுமே கேட்டிருக்கிறேன். என் மனைவி அனுப்பியதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பொறாமைக்காரன் எப்போதும் தப்பான ஆளையே காவல் காக்கிறான்.

அவளுடையதைப் போட்டேன். தயங்கித் தயங்கி, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, புதுச் செருப்போடு நடப்பதுபோல் பேசினாள். முதல் சிலவற்றில் மழை, ரயில் தாமதம், துணி காயவில்லை. பிறகு ஒன்று.

இன்று அந்தப் பாட்டி வரவில்லை. குளிருது என்று சொன்ன பாட்டி. அவர் இறந்துவிட்டார். படுக்கை காலி. நான் சாமான் அறைக்குப் போனேன். அழுதேன். எனக்குப் பயம். வீட்டில் யாருக்கும் தெரியாது.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை மறுபடி போட்டேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று. சரியாகத்தான் புரிந்திருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் யாரும் என்றால் அது நான் ஒருவன்தான்.

ஏன் தெரியாது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சில வருடங்களுக்கு முன் இதேபோல் ஒரு நோயாளி இறந்ததை அவள் வீட்டுக்கு வந்து சொன்னாள். நான் கேட்டேன்: எத்தனை மணிக்கு? டாக்டர் இருந்தாரா? யார் கையெழுத்துப் போட்டது? நல்ல கேள்விகள், உதவி செய்கிறேன் என்றே நினைத்தேன். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். அதற்குப் பிறகு எந்தச் சாவும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. பாய்க்கு அப்படிக் கேள்வி கேட்கும் அளவுக்குச் சீனம் தெரியாது. அந்தப் பதிவுக்கு அவர் அனுப்பிய பதிலையும் கேட்டேன். “அழுங்கள். நானும் அழுவேன்.” மூன்று சொல். வாக்கியத்தில் பிழை இருந்தது. அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அன்றிலிருந்து என் பொறாமை இடம் மாறியது. அவள் சிரிப்பு எனக்கு வேண்டாம். அந்த அழுகை வேண்டும். அவள் சாமான் அறையிலிருந்து நேராக என்னிடம் வந்து சொல்ல வேண்டும். ஆனால் எனக்குத் தெரியும் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டிவரும். தமிழில் அது நடக்காத காரியம். தமிழில் எனக்குச் சொற்கள் அதிகம். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து, சுற்றி வந்து, ஒரு நகைச்சுவையில் முடித்து, சொல்லாமலே எழுந்து போய்விடுவேன். சீனத்தில் எனக்கு முந்நூறு சொல்தான் தெரியும். ஒளிய இடமில்லாத வீடு.

பருவ முடிவில் லாவ்ஷி ஒரு பயிற்சி வைப்பார். ஒவ்வொருவரும் எழுந்து நின்று, அறையில் இருக்கும் ஒருவரிடம், அதுவரை அவரிடம் சொல்லாத ஒன்றை ஆறு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். தாள் கூடாது. நான் மூன்று வாரம் தயாரானேன். ஃபெடரல் ஹைவே நெரிசலில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, முன்னால் நிற்கும் லோரியின் பின்பக்கத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். லோரி உணர்ச்சிவசப்படவில்லை. நானும் படவில்லை. அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று பாய் முதலில் எழுந்தார். லாவ்ஷியைப் பார்த்து, போன வாரம் பக்கத்துக் கடைக் கிழவரிடம் பேசினேன் என்றார். “‘நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள், எனக்கு நினைவிருக்கிறது’ என்று அவரிடம் சொன்னேன். அவர் எனக்குத் தேநீர் கொடுத்தார், அவருக்கு என் சீனம் பாதிதான் புரிந்தது, இருவரும் அழுதோம், உங்களுக்கு நன்றி.” சொல்லும்போதே கண்ணில் நீர் வழிந்தது. துணிக்கடைக்காரர், சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். லாவ்ஷி திரும்பிக்கொண்டு பலகையை அழித்தார். பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இதற்குப் பிறகு பேச வேண்டியவன் நான்.

எழுந்தேன். மனைவியைப் பார்த்தேன். மனத்தில் எல்லாம் தயாராக இருந்தது. கைகள் தாமாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. கால்கள் சாட்சிக் கூண்டின் பக்கத்தில் நிற்பதுபோல் நின்றன. வாயைத் திறந்தபோது இருபத்தேழு வருடத்துக் குரல் வந்தது.

“நான் ஒரு கணவன். என் மனைவி வேறொருவரோடு சிரிக்கிறாள். நான் அவள் கைப்பேசியை ஒளிந்து கேட்டேன். அவள் அழுதது எனக்குத் தெரியாது. எனக்குப் பொறாமை. எனக்குப் பயம்.”

ஆறு வாக்கியம். பிழை இல்லை. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. வகுப்பு கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் பாய்.

“பாவம் லா அந்த ஆளு,” என்றார். “எத்தன வருஷம் குடுத்தாங்க பாஸ்?”

என்னவென்று சொல்வது? மூன்று மாதமாகக் கோழி திருடியவன் நான். என் ஜோடியான பொறியாளர், இதுவரை சொன்னதிலேயே இதுதான் நல்ல கேஸ் என்றார். லாவ்ஷி, யாரிடமாவது சொல்லச் சொன்னால் மறுபடி கதை சொல்லிவிட்டீர்களே என்று செல்லமாகக் கடிந்துகொண்டார். நான் தலையாட்டி உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி கைதட்டவில்லை. பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும் ரயிலில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிர் இருக்கையில் ஒரு குடும்பம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பசியாறிக்கொண்டிருந்தது. சுபாங் ஜெயா நிலையம் தாண்டியதும், வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

“அந்த வாய்ஸ் மெசேஜ் இருக்குல்ல, ஒருவாட்டி கேட்டுட்டா பக்கத்துல இருக்குற மைக்கு நீலமாயிடும். நான் தொறக்குறதுக்கு முன்னாடியே சிலது நீலமா இருக்கும். ஆறு மாசமா எனக்குத் தெரியும்.”

எனக்கு வியர்த்தது. ரயிலில் குளிர்சாதனம் நன்றாகவே வேலை செய்தது.

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்.”

ஷா ஆலம் வரை அதைச் செரித்துக்கொண்டு வந்தேன். பிறகு அவளே, தீர்ப்பு வாசிக்கிற மாதிரி சொன்னீர்கள் என்றாள். எனக்கு வேறு குரல் இல்லை என்றேன். அன்று முழுக்க நான் தமிழில் பேசிய ஒரே உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

“அந்தப் பாட்டி இருக்காங்கல்ல,” என்று ஆரம்பித்தாள்.

எனக்கு வாய் வரை வந்துவிட்டது: எத்தனை மணிக்கு? விழுங்கினேன். அவள் அதையும் பார்த்துவிட்டு, கேளுங்க என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் கிள்ளான் வரும்வரை பேசினாள். காலிப் படுக்கை, மடித்து வைத்த போர்வை, சாமான் அறையில் சத்தம் வராமல் இருக்கக் கையுறைப் பெட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நான் 'ம்' என்ற ஒரு சொல்லை மட்டும் பயன்படுத்தினேன். எதிரில் இருந்த பெண் உணவுப் பொட்டலத்தை மூடிவிட்டு, என் மனைவியிடம் ஒரு திசுத்தாளை நீட்டினாள். இறங்க வேண்டிய நிலையத்தில் இருவரும் இறங்க மறந்து, அடுத்ததில் இறங்கித் திரும்பி வந்தோம்.

இதனால் என் பொறாமை ஒழிந்துவிட்டது என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். ஒழியவில்லை. ரயிலில் எனக்குக் கிடைத்தது மொழிபெயர்ப்புதானே. மூலத்தை ஆறு மாதம் முன்பே அந்த மனிதர் கேட்டுவிட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் சோறு ஒரு பிடி குறைவாக இறங்குகிறது. ஆனால் இப்போது அவள் வேலை முடிந்து வந்ததும் சில நாள் என்னிடம் சொல்கிறாள். சில நாள் சொல்வதில்லை. சொல்லாத நாளில் அவள் சீனத்தில் பேசுவது கதவுக்கு வெளியே கேட்கிறது. நான் துணி மடிக்கிறேன்.

அடுத்த பருவத்தின் முதல் சனிக்கிழமை, வகுப்புக்கு முன்னால் கீழே ஒரு கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். பாய் நேராக வந்து எதிரில் உட்கார்ந்தார். அன்று நான் சொன்ன கேஸ் என் சொந்தக் கேஸ்தான் என்று என் மனைவி அவரிடம் சொல்லிவிட்டாளாம். நான் மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். மூன்று மொழியில் வாக்கியம் தேடினேன். அவர் அதற்குள் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

“ரொம்ப நன்றி பாஸ். என்னப் பாத்து ஒரு ஆம்பள பொறாமப்பட்டான்னு இந்த வயசுல கேக்குறது எவ்வளவு சந்தோசமா இருக்கு தெரியுமா? வீட்டுக்குப் போயி மககிட்ட சொன்னேன். அவ நம்பவே மாட்டேங்குறா. மூக்குக்கண்ணாடிக் கடையிலதான் வேல பாக்குறா. அந்த அங்கிளை ஒருவாட்டி கூட்டிட்டு வாங்க வாப்பா, கண்ணு செக் பண்ணிப் பாத்துருவோம்னு சொல்றா.”